சத்துவாச்சாரியிலிருந்து கருப்பைத் தேடி

சென்னையிலிருந்து வேலூருக்கு வந்தால் ஊருக்கு முன்னாலேயே சத்துவாச்சாரி வந்துவிடும். ஒரு பக்கம் பாறைக் குன்று, மறுபக்கம் பாலாறு, நடுவே கலெக்டர் ஆபீஸ். அதோடு திரும்பிவிடாதீர்கள், ஊரைத் தாண்டிப் பாகாயம் வரை வாருங்கள். ஒரு பேய்க் கதைக்கு அங்கே பதில் இருக்கிறது!

1990-களின் கடைசியில் சன் டி.வி.யில் 'விடாது கருப்பு' வந்ததே, நினைவிருக்கிறதா? குழந்தைகள் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தொடர்! இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவல்தான் மூலக் கதை, டைரக்டர் நாகா. அதில் நடித்த சேத்தனும் தேவதர்சினியும் பிறகு நிஜமாகவே தம்பதிகளானார்கள். கருப்பு சேர்த்து வைத்த ஜோடி!

ஆனால் பெரிய ரகசியம் வேறு. குதிரையேறி வந்த கருப்புக்குக் கதை சொன்ன காரணங்களில் முக்கியமானது, ஒரே மனம் இரண்டாகப் பிளக்கும் நோய்.

அத்தகைய மனநோய்களுக்கென்றே பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. 1957-ல் கனடா நாட்டு டாக்டர் ப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கியது. நோயாளியைப் பூட்டி வைத்த அந்த நாளிலேயே, வீட்டாரும் உடன் தங்கட்டும் என்றார்கள் இங்கே.

கருப்பனுக்குப் பொங்கல் வையுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் வீட்டில் ஒருவர் தனியே பேசித் தவித்தால், பாகாயத்துக்கும் அழைத்து வாருங்கள். நீங்களும் கூடவே இருங்கள்!