எந்த கம்பெனி டிஸ்க் பாஸ் நல்லது?

லேப்டாப்பில் என்றைக்காவது காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? ஃபேன் சத்தத்தைச் சொல்லவில்லை. மணிக்கட்டு வைக்கிற இடத்துக்குக் கீழே 'டிக்... டிக்...' என்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம் வரும். ஃபோல்டரை க்ளிக் பண்ணிவிட்டு கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தால்கூட அது திறந்திருக்காது. "வைரஸ்டா", "ரேம் பத்தலைடா" என்று ஹாஸ்டலில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெரும்பாலும் உள்ளே ஹார்ட் டிஸ்க் மூட்டை கட்ட ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் பிராஜெக்ட் ரிப்போர்ட்டையும் ஃபோட்டோக்களையும் வேறு எங்காவது ஏற்றுங்கள். கடைக்கெல்லாம் அப்புறம் போகலாம்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், பி.இ. மூன்றாம் வருஷம். அவன் வைத்திருப்பது அக்காவின் லேப்டாப். 2011-ல் தமிழக அரசு ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது. அக்கா படித்து முடித்து வேலைக்குப் போனதும் இவனுக்கு வந்து சேர்ந்தது. புதுசு வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்கிற நிலைமை இல்லை. கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசோடு வந்து நின்றான். "எந்த கம்பெனி டிஸ்க்ண்ணா நல்லது? நம்பி வாங்கணும். இன்னொரு தடவை வாங்கக் காசு கிடையாது."

நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனி பெயரில் பதில் கிடையாது. கூகுள் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மாடலுக்கு மாடல், தயாரான காலத்துக்குக் காலம் ஆயுசு மாறுகிறது என்றது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் யானை, இன்னொன்று பூனை! அதைவிட பயங்கரமான விஷயம், செத்துப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்கிற 'ஸ்மார்ட்' கணக்கில் ஒரு சின்னக் கோளாறைக்கூடக் காட்டாமல் போயிருக்கின்றன. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி இலவச மென்பொருள் 'குட்' என்று காட்டினால் சந்தோஷப்படலாம். அதற்காகக் கால்மேல் கால் போட்டு உட்கார முடியாது.

சுழலும் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? லேப்டாப்புக்கு எஸ்எஸ்டிதான், யோசிக்கவே வேண்டாம். பஸ்ஸில் குலுங்கினாலும் பெஞ்சிலிருந்து விழுந்தாலும் அதற்குள் உரசிக்கொள்ள எதுவும் இல்லை. "எழுத எழுதத் தேய்ஞ்சு போயிடுமாமே" என்று ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி மாடலுக்கு 300 டெராபைட் எழுதும்வரை வாரண்ட்டி, அல்லது 5 வருஷம், எது முந்துகிறதோ அது. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அந்த 300-ஐத் தொட 40 வருஷத்துக்கு மேல் ஆகும். தேய்ந்து சாவது அபூர்வம். எஸ்எஸ்டி சாவது வேறு மாதிரி... காலையில் ஆன் பண்ணினால் டிரைவே காணோம்!

2019-ல் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர்களில் இருந்த சில எஸ்எஸ்டிகளைப் பற்றி எச்சரித்தது. ஃபர்ம்வேரை அப்டேட் செய்யாவிட்டால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செத்துவிடும், உள்ளே இருப்பதும் திரும்பக் கிடைக்காது. 'சி' பேப்பரில் அரியர் வைக்காதவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும். காஸ்ட்லியான சர்வர் சரக்குக்கே இந்த கதி.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: "1 டிபி கனவை விடு. 500 ஜிபி போதும். மிச்சக் காசில் இன்னொரு காப்பிக்கு வழி பண்ணு." ஒரு வெளி டிஸ்க்கோ, பெரிய பென் டிரைவோ எது கட்டுப்படியாகிறதோ அது. டிக் டிக் சொல்லும் பழைய டிஸ்க்கையே கேஸில் போட்டு பேக்கப் என்று வைத்துக்கொள்ள நினைத்தான். கூடவே கூடாது என்றேன்.

கடைக்குப் போகும்முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டாதான். 9.5 மில்லிமீட்டர் இடத்தில் 7 மில்லிமீட்டர் டிரைவ் ஆடினால் ஒரு ப்ளாஸ்டிக் சட்டம் போதும். எம்.2 வகை என்றால் உஷார். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ரகம். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. இந்த இடத்தில்தான் பல பேர் காசைக் கோட்டை விடுகிறார்கள்.

தம்பியோடு மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நானும் போனேன். ஒரு கடையில், "தம்பி, 2 டிபி, பாதி விலை, பில் மட்டும் கேக்காதீங்க" என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தோம். இப்படி வருகிற போலிகளில் சில, விண்டோஸிடம் 2 டிபி என்று பொய் சொல்லும். உள்ளே இருப்பது குட்டி மெமரி கார்டு! கொஞ்சம் நிரம்பியதும் புது ஃபைல் எழுத எழுதப் பழையது காலி. டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கிற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கடையில் மாற்றிக் கொடுக்கிற நாட்களுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். 'எத்தனை மணி நேரம் ஓடியது' என்ற கணக்கை மட்டும் நம்ப முடியாது. ஓடித் தேய்ந்த சர்வர் டிஸ்க்குகளில் அதை அழித்து, புதுசு என்று விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளியே வந்தது.

தம்பி பில்லோடு, 5 வருஷ வாரண்ட்டியோடு ஒன்று வாங்கினான். வாரண்ட்டியில் வேறு டிரைவ் தருவார்கள், உங்கள் ஃபைல்களை அல்ல. பில்லையும் உடனே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மல் பேப்பர் பில் என்றால் கொஞ்ச நாளில் எழுத்து மறைந்து வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

அந்த ஃபோட்டோவை அதே லேப்டாப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள் பாஸ்!