பத்தாவது அணிக்கு யார் படிப்பிப்பது?

புதிய துறை ஒன்றுக்கான முன்மொழிவை யார் கொண்டுவந்து தந்தாலும் நான் பாடப்பட்டியலை முதலில் பார்ப்பதில்லை. ஆளணிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். எத்தனை விரிவுரையாளர் வேண்டும், அவர்களில் எத்தனை பேர் இப்போதே இருக்கிறார்கள், மிச்சப் பேரை எங்கே அனுப்பிப் படிப்பிக்கப் போகிறோம், அவர்கள் திரும்பி வரும்வரை வகுப்பை யார் எடுப்பது? முதல் அணி மாணவருக்கு எப்படியாவது படிப்பித்து விடலாம். ஆர்வம் இருக்கும், வருகை விரிவுரையாளர்கள் கைகொடுப்பார்கள். பத்தாவது அணிக்கு அதே பாடத்தை யார் படிப்பிப்பார் என்று எழுதியிருக்கிறதா என்பதே என் கேள்வி.

எங்கள் நீர்வேலித் தோட்டங்களில் தாய்வாழை நிற்கும்போதே அடுத்து வரவேண்டிய குட்டியைத் தெரிந்து வைத்துவிட்டு மற்றவற்றை வெட்டிவிடுவார்கள். துறையையும் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

கட்டடத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாறு அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டது. 1974 ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக அது திருநெல்வேலியில் திறக்கப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவுதான் அதற்கு வீடாயிற்று. விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில் நடந்தன. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்துக்குக் கைதடி ஆயுர்வேத மருத்துவமனைக் கட்டடம் இடம் கொடுத்தது. இரவல் இடத்தில் தொடங்கிய இவை மூன்றும் நிலைத்துவிட்டன. இடம் இரவலாக இருந்தாலும் ஆட்கள் இருந்தார்கள். வளாகத்தின் முதல் தலைவராகப் பேராசிரியர் கைலாசபதி இருந்தார். மருத்துவ மாணவருக்கு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி இருந்தது. நோயாளரும் விடுதிகளும் அனுபவப்பட்ட வைத்தியர்களும் பீடத்துக்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

ஆட்கள் போனால் என்ன ஆகும் என்பதையும் இதே பல்கலைக்கழகம் பார்த்தது. உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திரணகம 1989 செப்டெம்பர் 21 அன்று கொல்லப்பட்டார். இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்து, பலரும் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த நாளில் திரும்பி வந்து பொறுப்பெடுத்தவர் அவர். அப்படி ஒருவர் உருவாகப் பத்து ஆண்டுக்கு மேல் பிடிக்கிறது. அந்த இடத்தைப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு நிரப்ப முடியாது. இன்றைக்கும் அந்த நாளை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அந்த ஆண்டுகளில் துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் அ. துரைராசா. மண்பொறியியலில் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். அவர் காலத்தில், 1990இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. போரில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த அந்தப் பீடம், பின்னர் மீண்டும் கிளிநொச்சிக்குப் போனது. ஆனால் நாடறிந்த ஒரு பொறியியலாளர் தலைமையில் இருந்தும் பொறியியற் பீடம் அவர் கண்முன் வரவில்லை. அவர் 1994இல் மறைந்தார். கிளிநொச்சி அறிவியல் நகரில் அது எழும்ப, போர் முடிந்து மேலும் சில ஆண்டுகள் ஆயின. இதனால்தான் இளையவர்களிடம் சொல்வேன்: முன்மொழிவை எழுதும்போது, நீங்கள் இல்லாத காலத்தில் வேறொருவர் எடுத்து வாசித்தாலும் விளங்கும்படி எழுதுங்கள். ஏன் இந்தத் துறை, ஏன் இந்த இடத்தில், எந்தப் பாடத்தை ஏன் விட்டோம் என்பதையும் பதிந்து வையுங்கள்.

விடுவதுதான் இந்த வேலையில் கடினம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவழிக்கும் 50 மணித்தியாலம். விரிவுரை, செய்முறை, வீட்டில் இருந்து வாசிப்பது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். கலைத்திட்டக் குழுவில் ஒவ்வொருவரும் தன் பாடம் இல்லாமல் பட்டம் முழுமையாகாது என்று உண்மையாகவே நம்புகிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த மணித்தியாலங்களைத் தன் இளமையிலிருந்து கொடுப்பது பிள்ளை. நான் இருந்த குழுக்களில் ஒரு வழக்கத்தை விடாமல் வைத்திருந்தேன். ஒரு பாடத்தைச் சேர்க்கச் சொல்பவர் எதை எடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டம் நீளும், குரல் உயரும். இருந்தாலும் வெளியே வரும் பட்டியல் மெலிந்து, ஒரு முகத்தோடு இருக்கும்.

பீடச் சபை, மூதவை, பேரவை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வர்த்தமானி என்று கோப்பு போகும் வழியை எல்லோரும் அறிவார்கள். ஆளணிக்கு முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். ஒரு வாசல் திறந்தால் மற்றதும் திறந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு மாணவரை எடுக்கக் கூடாது.

ஊரில் ஒருநாள் வாழைத்தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், உந்தப் புதுப் பட்டத்தை எடுத்துப்போட்டு வந்தால் என்ர பிள்ளைக்கு எந்தக் கந்தோர் வேலை தரும்?" மூதவையில் கேட்க வேண்டிய கேள்வி இது. அரச வேலைகளின் ஆட்சேர்ப்புத் திட்டங்களில் எந்தப் பட்டம் செல்லும் என்று எழுதியிருக்கும். புதிதாக ஒரு பெயரைச் சூட்டிப் பட்டம் கொடுத்தால், படித்தது அதே விடயமாக இருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஆகவே வரைவு எழுதும் காலத்திலேயே அந்தத் திணைக்களங்களோடு பேசி, பட்டத்தின் பெயரை அவர்களுடைய திட்டத்தில் ஏற்றுவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இப்போது சில இளம் விரிவுரையாளரோடு இருந்து நிலத்தடி நீர் பற்றிய பட்டப்படிப்பு ஒன்றுக்கு வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே படிக்காமல் வேறெங்கே படிப்பது? குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியோடு சரி. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று வேறு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. செம்மண் தோட்ட நிலத்தில் அந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் இருப்பதாக ஆய்வுகள் பல சொல்லிவிட்டன.

இதற்கு உடனே ஒரு துறை கேட்கலாம் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். நான் மறித்தேன். இந்த அறிவு புவியியல், இரசாயனவியல், சமுதாய மருத்துவம் என்று திருநெல்வேலியிலும், விவசாயம், குடிசார் பொறியியல் என்று கிளிநொச்சியிலும் பிரிந்து கிடக்கிறது. முதலில் இருக்கும் ஆட்களை வைத்துக் கூட்டாகப் பட்டப்படிப்பை நடத்துவோம். அதே வேளை இரண்டு பேரைக் கலாநிதிப் படிப்புக்கு அனுப்புவோம். அவர்கள் திரும்பி வந்தபின் துறை கேட்டால், அது கேட்கும்போதே நடந்துகொண்டிருக்கும் ஒன்றாக இருக்கும். நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நீர்வளச் சபை, நீர்ப்பாசனத் திணைக்களம் ஆகியவற்றின் ஆட்சேர்ப்புத் திட்டங்களை இப்போதே எடுத்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

வரைவில் எனக்கு மிகவும் பிடித்தது களப்பயிற்சி. நீர்வேலியிலும் புத்தூரிலும் தோட்டக்காரர் சிலர் தங்கள் கிணறுகளைத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். அரையாண்டோடு முடிக்கும் பாடமாக வைத்தால் மாணவர் ஒரு பருவத்தைத்தான் பார்ப்பார். அதனால் அதை ஐப்பசியில் தொடங்கி ஆவணி வரை இரண்டு அரையாண்டுக்கும் நீட்டியிருக்கிறோம். மாரியில் நீர்மட்டம் ஏறுவதையும் கோடையில் அது இறங்கி உவர் கூடுவதையும் ஒரே மாணவர் ஒரே கிணற்றில் அளக்க வேண்டும்.