இரவிகுளத்துப் புல்வெளி

மதுரை மாநகரின் வடகிழக்கே மாட்டுத்தாவணி என்னும் பகுதி உள்ளது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நெடுங்கயிற்றின் பெயர். அக்கயிறு கட்டிய இடத்திற் கூடிய சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. இன்று அங்கே பெரியதொரு பேருந்து நிலையமும், காய்கனிச் சந்தைகளும், பூச்சந்தையும் விளங்குகின்றன. பொழுது புலருமுன்பே பூச்சந்தையில் மல்லிகை குன்று குன்றாகக் குவிந்துவிடும். பிச்சியும் முல்லையும் சம்பங்கியும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். இத்துணைப் பூக்கள் விலைபோகும் அச்சந்தைக்கு என்றுமே வாராத பூ ஒன்று உண்டு. தமிழர் தம் மலைநிலத்திற்கும் அந்நிலத்து ஒழுக்கத்திற்கும் பெயராக வைத்த குறிஞ்சிப் பூவே அது. அதனைக் காண விழைவோர் மேற்கு நோக்கி மலையேறல் வேண்டும்.

கொச்சியிலிருந்து தொண்டி செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மதுரை வழியே செல்கிறது. அச்சாலையில் மேற்கே சென்றால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடிநாயக்கனூர் ஆகியவற்றைக் கடந்து மலையடிவாரத்தை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் புறப்பட்ட வழிப்போக்கன், போடிமெட்டு வரை வளைந்து வளைந்து ஏறி, ஏலக்காய் மணக்கும் பூப்பாறையையும் தேவிகுளத்தையும் தாண்டி, 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் இறங்குகிறான். காலையில் வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடியவன், மாலையில் கம்பளிக்கு ஏங்குகிறான்! மூணாற்றை அடுத்துள்ளதே இரவிகுளம் தேசியப் பூங்கா. அதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இமயத்திற்குத் தெற்கே இந்தியாவில் உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயர்ந்து அதன் தென்பகுதியில் நிற்கிறது.

பூங்காவினுள் மக்கள் செல்ல விடப்பட்டுள்ள பகுதி ராஜமலை ஒன்றே. வாயிலிலிருந்து வனத்துறையின் வண்டி மேலே கொண்டு சென்று விடும். அதன்பின் சிறிது தொலைவு நடக்கலாம். முதன்முறை செல்வோர் பலர் அங்கே ஏமாற்றமடைவர். யானையும் புலியும் எதிர்ப்படும் என்று எண்ணி வந்தவர்க்குக் கண்ணுக்கெட்டிய தூரமும் புல்லே தெரிகிறது. மரங்கள் மலையின் மடிப்புகளில் மட்டும் ஒடுங்கி நிற்கின்றன. பாறையும் பனிமூட்டமும் காற்றும் அன்றி வேறெதுவும் இல்லாத வெற்றிடம் போலத் தோன்றுகிறது. 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்டுக்கொண்டே திரும்புவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை காலின் கீழே உள்ளது.

அவ்வுயரத்தில் மழை மிகுதி, காற்றும் கடிது, குளிர்காலத்து இரவுகளில் உறைபனி விழும். திறந்த சரிவுகளில் முளைக்கும் மரக்கன்றுகளை அப்பனி கருக்கிவிடும். எனவே மரங்கள் காற்றும் பனியும் எளிதிற் புகாத பள்ளத்தாக்குகளில் மட்டும் குட்டையாகவும் நெருக்கமாகவும் வளர்கின்றன. அவற்றைச் சோலை என்று வழங்குகிறோம். ஆங்கிலத்தில் எழுதும் அறிவியலறிஞரும் இத்தமிழ்ச் சொல்லையே அக்காட்டிற்குப் பெயராக ஏற்றுக்கொண்டனர் என்பது நாம் மகிழத்தக்கது. சரிவுகளிற் புல், மடிப்புகளிற் சோலை என்னும் இவ்வமைப்பு நினைவுக்கெட்டாத காலத்தது. பெய்யும் மழையைப் புல் தடுத்து, வேர்களின் வழியே கரிய மண்ணுக்குள் இறக்குகிறது. உதிர்ந்த இலைகள் மெத்தைபோற் படிந்த சோலை மண்ணும் அந்நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடையில் விடுகிறது. மழை நின்று திங்கள் பல கழிந்த பின்னும் அவ்வோடைகள் வற்றுவதில்லை. நம் ஊர்களில் முன்னோர் கரையெழுப்பி ஏரி அமைத்தனர். மலை தனக்குத்தானே அமைத்துக்கொண்ட ஏரி அப்புல்வெளி எனலாம்.

மேலைநாட்டிலும் இதற்கு உறவான நிலம் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டு வெளி 1951-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கும் மரமற்ற வெளி, கருங்கல் முகடுகள், மூடுபனி, நீரை உறிஞ்சி வைக்கும் கரிய மண் ஆகியவற்றையே காணலாம். அவ்வெளியில் பிறக்கும் ஆறுகள் கீழுள்ள ஊர்களை வாழ்விக்கின்றன. அத்தகைய தம் நாட்டு வெளிகளைப் போற்றிப் பாடிய ஆங்கிலேயர், நம் மலைகளின் புல்வெளிகளைப் பல இடங்களில் பயனற்ற தரிசு என்றே கணக்கெழுதினர். இதனை விந்தை என்பதா, வேதனை என்பதா?

இரவிகுளத்து நீர் எங்கே செல்கிறது என்பதைச் சிலர் பிழைபடக் கூறுவர். அதன் மேற்குப் பகுதியின் ஓடைகள் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலை அடைகின்றன. 1895-ஆம் ஆண்டு முதல் மதுரைப் பக்கம் திருப்பப்படும் பெரியாற்று நீர், இவ்வோடைகள் கலப்பதற்கு நெடுந்தொலைவு முன்னரே அணையில் தேக்கப்படுவது. ஆகவே ராஜமலையின் நீர் வையைக்கு வருவதில்லை. கிழக்குப் பகுதியின் ஓடைகளோ பாம்பாற்றில் கலந்து, அமராவதியாகித் தமிழ்நாட்டு வயல்களைப் பாய்ச்சிக் காவிரியிற் சேர்கின்றன. மதுரைக்குரிய நீர் வேறு முகடுகளிற் பிறப்பது. மூணாற்றுக்குக் கிழக்கே, குரங்கணிக்கு மேலுள்ள புல்முகடுகளிலிருந்து இறங்கும் கொட்டகுடியாறு வையையின் துணையாறுகளுள் ஒன்று. அம்முகடுகளும் இரவிகுளமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்புல்வெளியின் உரிமையாளன் வரையாடு. வரை என்பது மலை. வரையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் வரும் வருடை என்பது இதுவே. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய இது, மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் இட்டாற்போல வெண்மை படர்ந்திருக்கும். நூறு கிலோ எடையுள்ள அவ்விலங்கு, மனிதன் எட்டிப் பார்க்கவும் அஞ்சும் செங்குத்துப் பாறையில் நின்று அமைதியாக அசைபோடும் காட்சி ஒன்றே மதுரையிலிருந்து சென்ற களைப்பையெல்லாம் போக்கவல்லது. உலகிலுள்ள வரையாடுகளின் பெருங்கூட்டம் இரவிகுளத்திலேயே வாழ்கிறது. ஏறத்தாழ எண்ணூறு அங்குள்ளன. குட்டி ஈனும் காலமாதலின், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பூங்காவை மக்களுக்கு மூடிவைப்பது வழக்கம். மூடிய வாயிலைக் கண்டு சினந்து திரும்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இவ்வாடுகள் பிழைத்த வரலாறு வியப்புக்குரியது. 1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்பார், பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலைத் தோட்டங்கள் சரிவுகளை விழுங்கின. ஆயினும் தோட்டத் துரைமார் இரவிகுளத்து மேட்டுவெளியைத் தேயிலைக்கு விடாது தம் வேட்டைக்காக ஒதுக்கி வைத்தனர். பிறர் வேட்டையாடாவண்ணம் காவலும் வைத்தனர். கொல்வதற்காகக் காத்த இடம், கொல்லாமையின் இடமாகியது! 1971-ஆம் ஆண்டில் கேரள அரசு சட்டமியற்றி அந்நிலத்தை மீட்டது. 1975-இல் அது சரணாலயமாயிற்று. 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று.

இந்த நற்பேறு பழனிமலையின் மேட்டுவெளிகளுக்குக் கிட்டவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை என்று மலைமக்கள் வழங்கும் அயல்நாட்டு மரமும், பிற தேவைகளுக்காகத் தைல மரமும் ஊசியிலை மரமும் அங்கே புல்லின் மீது நடப்பட்டன. மரம் நடுதல் அறம் என்று பள்ளியில் கற்றவர்க்கு இது குற்றமாகத் தோன்றாது. ஆனால் புல்லுக்குரிய இடத்தில் வைத்த மரம் புல்லை அழித்தது, ஓடையை மெலிவித்தது, குறிஞ்சிச் செடியையும் வெயில் காணாது மாய்த்தது. கோடைக்கானலுக்குச் செல்வோர் 'எவ்வளவு பசுமை!' என்று வியக்கும் மரக்கூட்டங்களுட் பல, ஒரு புல்வெளியின் கல்லறை மேல் நிற்பவை.

பூங்காவைச் சூழ்ந்த இடங்களும் காணத்தக்கவை. மறையூர்ச் சாலையில் லக்கம் அருவி வீழ்கிறது. மறையூரில் பெருங்கற்காலத்துக் கற்பதுக்கைகளை முனியறை என்பர். அங்குச் சந்தனக் காடும், கரும்பு காய்ச்சி வெல்லம் எடுக்கும் ஆலைக் கொட்டகைகளும் உண்டு. அதற்கப்பால் மழை மறைந்த வறண்ட சின்னாற்றுக் காட்டில் சாம்பல்நிற மலையணிலைக் காணலாம். மூணாற்றின் மறுபுறம் மாட்டுப்பெட்டி என்னும் அணையும், சுவிட்சர்லாந்து நாட்டுத் துணையோடு 1963-இல் தொடங்கிய மாட்டுப் பண்ணையும் உள்ளன. மாட்டுப்பட்டி என்பதே அவ்வாறு திரிந்தது எனக் கொள்வது பொருந்தும். மாட்டுத்தாவணியிலிருந்து செல்வோர்க்கு அப்பெயர் உறவினர் பெயர்போல ஒலிக்கும்.

அதற்கு மேலே டாப் ஸ்டேஷன் என்னும் முகடு. அங்கு நின்று கிழக்கே நோக்கினால் தேனிச் சமவெளி விரிப்புப்போலக் காலடியிற் கிடக்கும். மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் சிறிய இரயிலில் அம்முகடு வரை வந்து, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றன. அவ்விரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

இம்மலைகளில் வாழும் முதுவர் என்னும் பழங்குடியினர், தம் முன்னோர் மதுரையை விட்டு வந்தவர் என்று வழிவழியாகக் கூறுகின்றனர். தெய்வத் திருவுருவை முதுகிற் சுமந்து வந்தமையால் முதுவர் எனப்பட்டனர் என்பாரும், பிள்ளைகளைச் சுமந்து வந்தமையால் என்பாரும் உளர். பூங்காவினுள்ளேயே லக்கங்குடி என்னும் அவர் குடியிருப்பு உள்ளது. புல்வெளியைத் தீயினின்று காப்பதில் வனத்துறைக்கு அவர் துணை பெரிது. முற்காலத்தில் அவர் தம் வயதைக் குறிஞ்சி பூத்த முறைகளால் எண்ணினர் என்பர். நான்கு குறிஞ்சி கண்டவர் என்றால், ஏறக்குறைய ஐம்பதை அடுத்தவர் என்பது பொருள்.

தீ என்பது வெறுஞ்சொல் அன்று. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், குரங்கணி மலைச் சரிவில் காய்ந்த புல்லிற் பற்றிய தீ, மலையேறச் சென்றிருந்தோரைச் சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மழைக்காலத்தில் நீரைத் தேக்கும் அதே புல், கோடையில் ஒரு பொறிக்குத் தாங்காது. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தில் மூணாற்றுச் சாலைகள் பல உடைந்தன. குறிஞ்சி பூக்க வேண்டிய ஆண்டும் அதுவே. பூக்காண எழுந்த கூட்டத்தில் பெரும்பகுதி வழியின்றி நின்றது. ஆனால் குறிஞ்சி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மழை ஓய்ந்ததும் ராஜமலைச் சரிவுகள் நீலம் பூண்டன.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். பூத்தபின் விதையை மண்ணில் உதிர்த்துச் செடி மடியும். 1982, 1994, 2006, 2018 என அதன் கணக்குத் தவறாது வருகிறது. பூத்த காலத்தில் ஒரு கொத்தை ஒடித்துச் செல்பவன் ஒரு பூவைக் கொண்டு போவதாகவே நினைக்கிறான். மண்ணில் விழவேண்டிய விதையை அன்றோ அவன் கொண்டு செல்கிறான்! இப்போது, 2018-இல் உதிர்ந்த விதைகளிலிருந்து முளைத்த செடிகள் மொட்டின்றிப் பசுமையாய், புல்லோடு புல்லாக நிற்கின்றன. அவை பூக்கும் ஆண்டு 2030. அதுவரை ராஜமலைப் பாதையில் செல்வோர் அவற்றை ஏதோ புதர் என்றே கருதிக் கடந்து போகின்றனர்.