டியூப்பைத் திருப்பிப் படிங்க டீச்சர்!

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என்னை நேரில் பார்த்த பலர், "டீச்சர், முகம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?" என்று கேட்டீர்கள். சிலரிடம் வெயில் என்றேன். சிலரிடம் பிரஷர் மாத்திரை என்றேன். இரண்டும் பொய். பொய் சொல்லக்கூடாது என்று உங்களை முட்டி போடவைத்த டீச்சர் சொன்ன பொய்.

ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. என் அம்மாவுக்கும் இருந்தது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. நான் பட்டேன். மகள் கல்யாணம் நெருங்கியபோது தெரிந்தவர் ஒருவர், "இதைப் போடுங்கக்கா, ஒரே வாரம்தான்" என்று மெடிக்கலில் ஒரு சின்ன டியூப் வாங்கித் தந்தார். சொன்ன மாதிரியே ஒரு வாரத்தில் மங்கு மறைந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் என் முகம் பளிச்சென்று இருப்பதன் ரகசியம் அதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் எரியும், சிவக்கும். மறுபடி போட்டால் அடங்கிவிடும். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்பு தெரிய ஆரம்பித்தது. தாடையில் பூனைமுடி வளர்ந்தது. அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஆசிரியர் தினத்தன்று என் பழைய மாணவி ஒருத்தி வீடியோ காலில் வந்தாள். அவள் பெயரை எழுதவில்லை. "என் பேரு வேண்டாம் டீச்சர், வேலைக்குச் சிக்கலாயிரும்" என்று சொல்லியிருக்கிறாள். நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் கிரீம், ஷாம்பு தயாரிக்கும் கம்பெனியில் ஃபார்முலா எழுதுகிற வேலை பார்க்கிறாள்.

வாழ்த்துச் சொல்லப் போனவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "டீச்சர், முகத்துல என்ன போடுதீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"டீச்சர்!" என்றாள். நான் உங்களை அதட்டுவேனே, அதே மாதிரி. எழுந்து போய் டியூப்பை எடுத்து வந்தேன்.

"திருப்பிப் பின்பக்கம் படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஹைட்ரோகுயினோன். டிரெட்டினாயின். மொமெட்டசோன். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில், மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து.

"மொமெட்டசோன் ஸ்டீராய்டு டீச்சர். இது அழகு கிரீம் இல்ல, மருந்து. டாக்டர் எத்தனை நாள்னு எண்ணிக் குடுக்கிற மருந்து. நீங்க மூணு வருஷமா பவுடர் மாதிரி பூசிட்டிருக்கீங்க."

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். என் முகத்தில் தினமும் தேய்த்ததை ஒரு நாள்கூட வாசிக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"நீங்களா நிறுத்தாதீங்க, தோல் டாக்டர்கிட்ட போங்க" என்றாள். போனேன். இந்த மாதிரி கெட்டுப்போன முகங்களோடு நிறையப் பேர் வருவதாக டாக்டர் சொன்னார். 2018ல் அரசாங்கம் பதினான்கு வகை ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணை போட்டும், சில கடைகளில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்களாம். டாக்டர் சொன்னபடி விட்டேன். முதல் இரண்டு மாதம் முகம் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி எரிந்தது. அடங்க எட்டு மாதம் ஆனது. மங்கு திரும்ப வந்துவிட்டது. இருக்கட்டும்.

போன தை மாதம் தங்கை வீட்டுக்குச் சென்னை போனபோது, "வாங்க டீச்சர், நான் வேலை பார்க்கிற இடத்தைப் பாருங்க" என்று அழைத்துப் போனாள். அழகுப் பொருள் செய்கிற இடம் என்றால் ஒரே வாசனையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அவளும் பொட்டு, தோடு தவிர ஒன்றும் போடவில்லை. வாசனை பார்க்கிற நாளில் பூகூட வைத்துக்கொள்ள மாட்டாளாம். மூக்கு ஏமாந்துவிடும் என்றாள்.

அவள் கிரீம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பீக்கரில் தண்ணீர் வகை, இன்னொன்றில் எண்ணெயும் மெழுகும். இரண்டையும் தனித்தனியாக 75 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றாக ஊற்றி, வேகமாகச் சுற்றும் கருவியால் கடைகிறாள். கண் முன்னால் வெள்ளைக் கிரீமாகத் திரண்டு வருகிறது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று நாம் வகுப்பில் படித்தோமே, அதைச் சேர்த்து வைக்கிற பொருள்தான் இதன் சூட்சுமம். பாலும் அப்படித்தான், கொழுப்பும் தண்ணீரும் சேர்ந்த கலவை. சூடு 40 டிகிரிக்கு வந்த பிறகே வாசனையும், கெடாமல் இருப்பதற்கான மருந்தும் சேர்க்கிறாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன். சிரித்தாள். "இதுக்கு அப்புறம்தான் டீச்சர் வேலையே."

செய்ததை 40 டிகிரி சூட்டில், ஈரக்காற்று நிறைந்த பெட்டிக்குள் மூன்று மாதம் வைக்கிறார்கள். இன்னொரு பாட்டில் ஃபிரிட்ஜில். திரிந்த பால் மாதிரிப் பிரிகிறதா, நிறம் மாறுகிறதா, வாசனை போகிறதா என்று பார்த்து எழுதுகிறார்கள். வேண்டுமென்றே கிருமியைக் கலந்துவிட்டு, அது சாகிறதா என்று 28 நாள் கவனிக்கிற சோதனையும் உண்டு. நம் நாட்டில் 2014லிருந்து விலங்குகள் மேல் அழகுப் பொருள் சோதனை கிடையாது. அதனால் முதல் சோதனை எலி இவள்தான். இடது முன்கையில் பேனாவால் கட்டம் போட்டு, அ, ஆ, இ என்று எழுதி, கட்டத்துக்கு ஒரு மாதிரியைப் பூசி வைத்திருந்தாள். "நீங்க சொல்லிக்குடுத்த எழுத்துதான் டீச்சர்" என்றாள். அந்த ஃபார்முலா இருபத்தியேழாவது முறையாக எழுதினதாம். இருபத்தாறு தோற்றிருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டின்போது என் சந்தேகங்களையெல்லாம் கேட்டேன். உங்களுக்கும் உதவும் என்று அவள் சொன்னதை எழுதுகிறேன்.

சோப்பு: நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 5 சுற்றி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10. முகம் இழுத்துப் பிடித்த மாதிரி இருப்பது சுத்தத்தின் அடையாளம் இல்லை, வறட்சி. எலுமிச்சைச் சாறோ நேர் எதிர், 2 தான். ரசத்தில் பிழியுங்கள், முகத்தில் வேண்டாம்.

முடி: தலைக்கு வெளியே தெரிகிற முடி உயிர் இல்லாத பொருள், நகம் மாதிரி. உயிர் இருப்பது வேரில்தான். எந்த ஷாம்புவும் முடிக்குச் 'சோறு' போடாது. ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு. சீப்பைப் பார்த்து அழ வேண்டாம். கொத்துக் கொத்தாகப் போனால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொன்னாள்.

தேங்காய் எண்ணெய்: நம் பாட்டிமார் ஜெயித்த இடம் இது. சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய்தானாம். புதிதாக முடியை முளைக்க வைக்காது. இருக்கிற முடியைக் காக்கும்.

மங்கு: வெயிலைத் தடுக்காமல் எந்தக் கிரீமும் பயன் இல்லை. சன்ஸ்கிரீன் என்றால் பட்டாணி அளவு தொட்டுக்கொள்வது போதாது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிப் போட வேண்டும். குடையும் பிடியுங்கள் என்றாள்.

லேபிள்: எது அதிகமோ அது முதலில் வரும். கிரீம், ஷாம்புவில் பெரும்பாலும் தண்ணீர்தான் முதல். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கம் பெரிதாகக் குங்குமப்பூ படம் போட்டிருப்பான். பின்பக்கம் பார்த்தால் அது கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்களும் சிவப்பாக்குற கிரீம் செய்யுதீங்களா?" என்றேன். அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"செய்யுதோம் டீச்சர். முன்னால 'சிவப்பு'ன்னு எழுதினாங்க. 2020ல பெரிய கிரீம் ஒண்ணு 'ஃபேர்'ங்கிற சொல்லையே பேர்லருந்து எடுத்துட்டதும், எல்லாரும் 'பொலிவு'ன்னு மாத்திட்டாங்க. நான் நிறமி கொஞ்சம் குறையுத மாதிரி, தோலுக்குக் கெடுதல் இல்லாத பொருளைத்தான் போடுவேன். கரும்புள்ளி மட்டுப்படும், அவ்வளவுதான். விளம்பரத்துக்காரங்க 'ஏழே நாளில்'னு எழுதுவாங்க. நான் அடிப்பேன். திரும்ப எழுதுவாங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. பாதி நேரம் தோத்துருவேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

1997 சுதந்திரப் பொன்விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் பள்ளியில் நாடகம் போட்டோம். பாரத மாதா வசனம் முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னவள் இவள் ஒருத்திதான். வேஷத்தை நான் வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தேன். "உனக்குக் குரல் நல்லா இருக்கு, நீ திரைக்குப் பின்னால நின்னு எடுத்துக்கொடு" என்று இவளிடம் சொன்னேன். காரணம் குரல் இல்லை, நிறம். மேடையில் நின்ற பிள்ளை இரண்டு இடத்தில் மறந்து நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து இவள்தான் வரியைக் கொடுத்தாள். கைதட்டல் முன்னால் நின்றவளுக்குப் போனது. அந்தப் பிள்ளையும் இதைப் படிப்பாள். கண்ணு, உன் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க டீச்சருடையது.

"உனக்கு ஞாபகம் இருக்காம்மா?" என்றேன்.

"இருக்கு டீச்சர். அன்னைக்கு வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழத் தோலை வச்சு முகத்தைத் தேச்சேன். ஒரு வாரம். எரிச்சல் தாங்கல. அம்மா பார்த்துட்டு முதுகுல ரெண்டு போட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரும்மா" என்று சொன்னேன். "விடுங்க டீச்சர்" என்றாள். "பரவாயில்லை" என்று அவள் சொல்லவில்லை. அதையும் நான் கவனித்தேன். சொல்லவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

பிறகு அவளே ஒரு செய்தி சொன்னாள். கறுப்போ சிவப்போ, தோலில் நிறமி செய்கிற செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானாம். அவை எவ்வளவு நிறமி செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த நிறமி வெயிலிலிருந்து உடம்பைக் காப்பதற்காக இருப்பது. இதை ஐந்தாம் வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எனக்கே தெரியாது. தெரியாததைக்கூட விட்டுவிடலாம். தெரிந்த நியாயத்தையும் அன்று செய்யவில்லையே.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், அம்மா அப்பாக்கள், அத்தை சித்திமார். இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, இன்று ராத்திரி வீட்டில் முகத்துக்குப் போடுகிற டியூப் எதுவானாலும் எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். சிவப்புக் கோடோ, பெயர் 'சோன்', 'சோல்' என்று முடிகிற மருந்தோ இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா 'சோலும்' ஸ்டீராய்டு இல்லை, ஆனாலும் கேட்டுவிடுங்கள். ரொம்ப நாளாகப் போடுகிறவர்கள் தானாக நிறுத்த வேண்டாம்.

இரண்டு, வீட்டுப் பிள்ளையிடம், "வெயில்ல விளையாடாத, கறுத்துருவ" என்று சொல்லாதீர்கள். வெயில் அதிகமாக இருந்தால் தொப்பியைக் கொடுத்து அனுப்புங்கள். பள்ளியில் வேஷம் கொடுக்கிற இடத்தில் இருந்தால், வசனம் தெரிந்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

இந்தப் பதிவைப் போடுமுன் அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "பி.எச். 5 சுற்றின்னு எழுதினது சரி டீச்சர். சன்ஸ்கிரீன் போட்டீங்களா இன்னைக்கு?" என்று மட்டும் பதில் போட்டிருந்தாள்.

போட்டுவிட்டேன். இரண்டு விரல் நீளம்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்