அது யாருடைய பாதம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை எமது ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வீதியெல்லாம் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களும் வான்களும்தான். அந்த மாதங்களில் வகுப்பறைக்கும் ஒரு கேள்வி வரும்: "சேர், மலையில இருக்கிறது உண்மையில யாருட கால்?"

சிவனொளிபாதம் என்கிறார்கள் சைவர்கள். ஸ்ரீ பாத, புத்தரின் பாதம் என்கிறார்கள் பௌத்தர்கள். கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்பார்கள். எமக்கு அது பாவா ஆதம் மலை. சமயப் பாடவேளையில் பிள்ளைகள் தனித்தனி அறைகளுக்குப் பிரிகிறார்கள். கணிதப் பாடத்துக்குத் திரும்ப ஒன்றாக உட்காருகிறார்கள். எல்லோரும் சேர்ந்திருந்து இந்தக் கேள்வியைப் பேச நேரசூசியில் இடமில்லை. ஆகவே பதில் வீட்டிலும் கைபேசியிலும்தான் கிடைக்கிறது. ஒன்று, "அது நம்மட, மற்றதெல்லாம் கட்டுக்கதை." அல்லது, "எல்லாம் ஒன்றுதான், விடு." 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் எந்தத் தொனியில் பதில் சொல்கிறோம் என்பதையும் அயலவர்கள் கவனிக்கிறார்கள். அதனால் இதை நிதானமாக யோசிப்பது நல்லது.

ஆசிரியர்களாகிய நாம் பயிற்சியின்போது ஜோன் டூயியின் பெயரோடு பயன்கொள்வாதம் படித்திருக்கிறோம். டூயிக்கு மூத்தவரான வில்லியம் ஜேம்ஸ் 1907இல் வெளியிட்ட நூலில் ஓர் அணில் கதை வருகிறது. மலையில் முகாமிட்டவர்களுக்குள் வாக்குவாதம். மரத்தை ஒருவர் சுற்றி வருகிறார். அணிலும் தண்டின் மறுபக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. அவர் அணிலைச் சுற்றினாரா, இல்லையா? "சுற்றுதல் என்று நீங்கள் எதைக் கருதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்றார் ஜேம்ஸ். எந்தப் பதில் சரியென்றாலும் நடைமுறையில் ஒரு வேறுபாடும் வராவிட்டால், அந்தச் சண்டை வீண்.

இந்த அளவுகோலை எமது மலைக்கு வைத்துப் பார்ப்போம். ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைக் குர்ஆன் சொல்கிறது. இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்தியா, சரந்தீப் என்பவை தபரீ போன்றவர்கள் பதிந்துவைத்த அறிவிப்புகளில் வருபவை. இந்த மலைதான் என்று நம்பினாலும் நம்பாவிட்டாலும் எமது தொழுகையில் ஒரு ரக்அத் கூடப்போவதில்லை, ஸகாத்தில் ஒரு ரூபாய் குறையப்போவதில்லை. அப்படியிருக்க, இதற்காக அயலவரோடு முகம் முறிப்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் ஜேம்ஸின் வழியில் கடைசிவரை போகவும் முடியாது. நல்ல பலன் தரும் நம்பிக்கையை உண்மை என்றே சொல்லலாம் என்ற அளவுக்கு அவர் போகிறார். நடுச்சாமத்தில் படியேறிக் களைத்துப்போனவர், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார். இறங்கி வருபவர், "கிட்டத்தான், இந்தா வந்திட்டுது" என்பார். அந்தச் சொல்லை நம்பி இன்னும் நூறு படி ஏறிவிடலாம். பயனுள்ள சொல்தான், உண்மை இல்லை. உச்சி 2,243 மீற்றரில்தான் இருக்கிறது, யாருடைய ஆறுதலுக்காகவும் அது இறங்கி வராது.

அல்லாஹ் ஒருவன் என்று நாம் சொல்வதும் அப்படியான ஒரு பேச்சு. அது மனதுக்கு இதம் என்பதற்காகச் சொல்வதில்லை, உண்மை என்பதற்காகச் சொல்கிறோம். பக்கத்துவீட்டு ஐயாவும் சிவனைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார். "எல்லாம் ஒன்றுதான்" என்று அவருக்கும் எமக்கும் சேர்த்துச் சொல்பவர், இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

அப்படியானால் வாழ்க்கையில் தெரியும் பலனுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, ஜேம்ஸுக்கு எட்டு நூற்றாண்டு முந்தியவர். புலன்களையே சந்தேகித்துப் பார்த்தவர் அவர். நட்சத்திரம் கண்ணுக்கு ஒரு தீனார் அளவில் தெரிகிறது, கணிதமோ அது பூமியைவிடப் பெரிது என்கிறது என்று எழுதினார். ஆரோக்கியத்தின் வரைவிலக்கணம் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்றார். நபிமார்களை வைத்தியர்களுக்கு ஒப்பிட்டார். அவர்கள் சொன்னதைச் செய்து பாருங்கள், உள்ளம் மாறுவதை ஆயிரம் தடவை கண்டால் உறுதி வரும் என்பது அவர் கருத்து. மருந்து சுகமாக்குகிறது என்றால் அந்தக் குணம் மருந்தில் இருக்கிறது. நாம் நம்பியதால் வந்த குணமல்ல அது. தோட்டத்தில் வாழும் எமக்கு இது விளங்கும்: கொழுந்தைப் பார்த்து வேரின் நிலையை அறியலாம், கொழுந்து வேரை உண்டாக்காது.

எமது நம்பிக்கையின் கொழுந்து எப்படி இருக்கிறது என்று அயலவர் பார்ப்பதும் நியாயம்தானே? அவர்கள் எமது அகீதாவை வாசிக்கப்போவதில்லை. சீசனில் எமது கடைகளில் சொல்லும் விலையையும், யாத்திரிகருக்கு வழிவிடும் விதத்தையும்தான் பார்ப்பார்கள்.

1344இல் இப்னு பதூதா இந்தப் பாதத்தைப் பார்க்க வந்தார். அவரை அனுப்பிவைத்தவர் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்று எழுதிவைத்தார் அந்தக் காழி. அவருடைய ஈமானும் யோகிகளின் நம்பிக்கையும் ஒன்றல்ல. மலையில் சங்கிலி பிடித்து ஏறும் பாதை ஒன்றுதான்.

பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்வோம்: "நாங்கள் இதை நம்புகிறோம், காரணம் இது. அவர்கள் வேறொன்றை நம்புகிறார்கள். காரணத்தை உன் கூட்டாளியிடமே கேள். கேட்கும்போது குறுக்கே பேசாதே."

வல்லாஹு அஃலம்.