அம்மாவின் வலக்கை

இக்கட்டுரையை அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டலாம். ஒருவர் மறைக்க விரும்புவதை மற்றவர் எழுதிவிடவும் கூடும். எங்கள் அன்னையாரைப் பற்றி எழுதுவதற்கு அதுவே நேர்மையான வழியென்று தோன்றியது.

1994ஆம் ஆண்டில் எங்கள் குடும்பம் புதுதில்லி இராமகிருஷ்ணபுரத்தில், மைய அரசு ஊழியர் குடியிருப்பொன்றின் இரண்டாம் மாடியில் வாழ்ந்து வந்தது. அப்பா ஓர் அமைச்சகத்தில் எழுத்தர். எங்களுள் மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. இளையவன் ஐந்தாம் வகுப்பு. திருமணத்திற்கு முன் திருநெல்வேலியில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்த அம்மா, அவ்வாண்டில், தம் முப்பத்தாறாம் வயதில், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பட்டப் படிப்புக்குப் பதிவு செய்துகொண்டார். பாடநூல்கள் அஞ்சலில் வரும். வீட்டிலிருந்தே விடைகளை எழுதி அனுப்ப வேண்டும், பிறகு தேர்வு.

அவர் எப்போது படித்தார் என்பதை நாங்கள் அறியோம். விடியற்காலை நான்கு மணிக்கே அடுக்களையில் விளக்கெரிவதை இட்லிக்கும் எங்கள் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் உரியதென்றே எண்ணியிருந்தோம். அரிசிப் பானைக்குப் பின்னால் அவர் நூல்கள் அடுக்கப்பட்டிருந்ததைக்கூட அவர் விழுந்த பிறகே கண்டோம். மேசை ஒன்று வீட்டில் இருந்தது. அது எங்களுடையது.

1995 ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒருநாள், தெருவிளக்கே தெரியாத மூடுபனி. மதர் டெய்ரிச் சாவடிக்குத் தூக்குடன் போய், டோக்கனை இயந்திரத்திலிட்டுப் பால் பிடித்து வருவது அம்மாவின் அன்றாட வேலை. அன்று எங்கள் கட்டிலருகே வந்து, "பிள்ளைகளா, இன்றைக்கு ஒருநாள் நீங்கள் பாலுக்குப் போய் வருகிறீர்களா? எனக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது" என்றார். இருமுறை கேட்டார். நாங்கள் இருவரும் விழித்துத்தான் இருந்தோம். ரஜாயை இழுத்து மூடிக்கொண்டு உறங்குவதுபோல் கிடந்தோம். அப்பாவை எழுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பனியில் நனைந்திருந்த கடைசிப் படிகளில் தூக்கு உருண்ட ஓசையே எங்களை எழுப்பியது.

விழும்போது ஊன்றிய வலக்கை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, கவிழ்த்து வைத்த முள்கரண்டிபோல் வளைந்திருந்தது. இவ்வகை முறிவை அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இலேயே, எக்ஸ்-கதிர் கண்டறியப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, விவரித்திருக்கிறார் என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தோம். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, முழங்கைக்குக் கீழிருந்து விரல் முட்டுவரை மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம்; விரல்களை மட்டும் அன்று முதலே மடக்கி நீட்ட வேண்டும் என்றார்.

பாட்டி, புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போடாமல் என்ன செய்கிறீர்கள் என்று சினந்து கடிதம் எழுதினார். ஜி.டி. எக்ஸ்பிரசில் வந்த ஒருவரிடம் ஈரத்துணியில் சுற்றிய பிரண்டையும் கொடுத்தனுப்பினார். துவையல் அரைத்தவர் அப்பா. சரியாக வதக்காததால் எல்லோருக்கும் நாக்கு அரித்தது. அப்பா அடுக்களைக்குள் நுழைந்த கதை அவ்வாறு தொடங்கியது. மூத்தவள் அம்மாவுக்குப் புடைவை உடுத்திவிட, இளையவன் தலைபின்னக் கற்றான். அம்மா இடக்கையால் வாசலில் கோலமிட்டார். கோணலாக வந்த கோலத்தைத் தாமே பார்த்துச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுக்களையைச் சீரமைத்ததும் அப்போதுதான். அம்மா நாற்காலியில் அமர்ந்து சொல்ல, நாங்கள் டப்பாக்களை இடம் மாற்றினோம். அடிக்கடி எடுப்பவை இடக்கைக்கு எட்டும் உயரத்தில். எப்போதோ எடுப்பவை மேல்தட்டில். ஒவ்வொன்றிலும் இளையவன் தமிழில் பெயரெழுதி ஒட்டினான். அவனது வல்லின மெல்லினப் பிழைகள் அன்றே அம்பலமாயின. அப்போது அம்மா எங்களுக்குச் சீர்காழி அரங்கநாதனைப் பற்றிச் சொன்னார். 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அப்பெரியார் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. "இந்த அடுக்களையில் என் நேரத்தை யாரும் கணக்கில் வைத்ததில்லை" என்று, கோபமின்றி, டப்பா ஒன்றைக் காட்டிக்கொண்டே சொன்னார். அப்பா கடுகை எடுத்து உப்புக்கு அருகில் வைத்தார்.

எழுதி அனுப்ப வேண்டிய விடைகள் பாதியில் நின்றன. "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாமே" என்றார் அப்பா. அவர் அன்பினால்தான் சொன்னார். எனினும் அச்சொல்லால்தான் அம்மா அழுதார், கை முறிந்தபோது அழாதவர். மூத்தவள் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். "உன் கையெழுத்தில் என் பெயரா?" என்று மறுத்துவிட்டார். அவர் சொல்லச்சொல்லக் குறிப்பு மட்டும் எடுத்துக்கொடுக்க இசைந்தார். இரவு பத்து மணிக்கு மேல், எங்கள் மேசையில், அவர் சொல்ல அவள் எழுதினாள்.

பிப்ரவரி இறுதியில் கட்டைப் பிரித்தபோது கை இளைத்து, தோல் செதில்செதிலாய் உரிந்து, வேறு யாருடையதோ போலிருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை. வெந்நீரில் கையை வைத்து ஆட்டுவதும், இளையவனின் ரப்பர்ப் பந்தை அழுத்துவதும் நாள்தோறும் மும்முறை. சப்பாத்தி மாவு பிசைவதும் நல்ல பயிற்சியென்று பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு அப்பா முகம் மலர்ந்தது. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அன்றிரவு மாவு பிசைந்தவர் அப்பாவே.

முதல் நாள் நான்கு வரி எழுதினார். எழுத்துகள் முதல் வகுப்புப் பிள்ளையினுடையவைபோல் தள்ளாடின. பிறகு அரைப் பக்கம், ஒரு பக்கம். விடைகள் கடைசி நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

ஜூன் தேர்வுக்கு நாங்கள் மூவரும் துணைக்குப் போய், நாவல் மரத்தடியில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். வெளியே வந்த அம்மா வலக்கையை இடக்கையால் ஏந்திக்கொண்டிருந்தார். ஒரு தாளில் கடைசி இரு வினாக்களுக்குக் கை ஒத்துழைக்கவில்லை, அத்தாள் போயிற்று. டிசம்பரில் மீண்டும் எழுதித் தேறினார். மறு ஆண்டு ஒரு பள்ளி நூலகத்தில் பணியமர்ந்து, 2018இல் ஓய்வு பெற்றார்.

குளிர் தொடங்கினால் இன்றும் அம்மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்கிறார். சங்க மலர் வந்ததும் பொருளடக்கத்திலிருந்து விளம்பரம்வரை விடாமல் படிப்பது அவர் வழக்கம். அன்று காலை நாங்கள் விழித்திருந்தோம் என்பதை அவரிடம் நேரில் சொல்ல எங்களுக்கு இதுவரை வாய் வரவில்லை.