இரண்டு மருந்துச் சீட்டுகள்

வலிப்பு, கர்ப்பத்தடை என்ற இரண்டு வார்த்தைகளையும் நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. எனக்கோ இரண்டையும் ஒரே நாளில், ஒரே டாக்டரிடம் சொல்ல வேண்டி வந்தது.

பதினைந்து வயதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. ஃபெனிட்டாயின் மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது. 2004-ல் மூத்தவள் பிறந்தாள். அடுத்ததற்கு மூன்று வருஷமாவது போகட்டும் என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம். அப்போது நாங்கள் ஒரு சிறிய ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தோம். அங்கே லேடி டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டபோது மாமியார் வாசல்வரை வந்து, "உன் வியாதியைப் பற்றி அங்கே மூச்சு விடாதே, அம்மா" என்றார். அவர் கெட்டவர் அல்ல. நாத்தனாருக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். "வேறே ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா?" என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார். ஒரு கணம் நாத்தனாரின் முகம் கண்ணெதிரே வந்தது. பிறகு சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நல்ல வேளை சொன்னாய். ஃபெனிட்டாயின் கல்லீரலை முடுக்கிவிடும். கர்ப்பத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோனை அது சீக்கிரமே சிதைத்துவிடும். நீ ஒருநாள்கூடத் தவறாமல் விழுங்கியும் கர்ப்பம் தரிக்கலாம்" என்றார். கார்பமாஸிபின், ஃபீனோபார்பிடோன் மருந்துகளும் இதே வேலையைத்தான் செய்யுமாம்.

எனக்குக் காப்பர்-டி வைத்தார். அது கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்து வேலை செய்வது. கல்லீரலின் சுறுசுறுப்பு அதை ஒன்றும் செய்யாது. முதல் சில மாதங்கள் விலக்கின்போது உதிரப்போக்கு அதிகமாயிருந்தது. பிறகு சரியாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியையும் இந்த மருந்துகள் கெடுப்பதில்லை.

லாமோட்ரிஜின் சாப்பிடும் பெண்களுக்குக் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கர்ப்பத்தடை மாத்திரை, இரத்தத்தில் லாமோட்ரிஜினைப் பாதியளவு குறைத்துவிடக் கூடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரலாம். வால்புரோயேட் கர்ப்பத்தடை மாத்திரையைக் கெடுப்பதில்லை. ஆனால் அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரித்தால், நூற்றுக்குச் சுமார் பத்துக் குழந்தைகள் அங்கக் குறையோடு பிறக்கின்றன. அதற்காகப் பயந்து, டாக்டரைக் கேளாமல் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.

இத்தனை நுணுக்கம் இருக்கிற விஷயத்தில் நாம் மௌனம் சாதிக்கிறோம். காரணம் இல்லாமல் இல்லை. அடிக்கடி வலிப்பு வருவதை இந்துத் திருமணச் சட்டம் 1976-ல் விவாகத்துக்குத் தடையாகச் சேர்த்தது, 1999-ல்தான் நீக்கியது. சட்டப் புத்தகத்தில் ஒரு வார்த்தையை அடித்துவிடலாம். சம்பந்தம் பேசுகிறவர்களின் மனத்திலிருந்து அடிப்பது அவ்வளவு சுலபமா? ஆகவே நரம்பு டாக்டரிடம் தாம்பத்தியத்தைச் சொல்வதில்லை. லேடி டாக்டரிடம் வலிப்பைச் சொல்வதில்லை. இரண்டு மருந்துகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே உடம்பில் சந்திக்கின்றன.

என்னிடம் யோசனை கேட்கும் பெண்களுக்கு எந்த முறையையும் நான் சிபாரிசு செய்வதில்லை. அது டாக்டரின் வேலை. "இரண்டு சீட்டையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போ. முடிந்தால் உன் புருஷனையும் கூட்டிக்கொண்டு போ" என்று மட்டும் சொல்லுகிறேன்.